வல்லார் வழுவுதல்

அறியாதவன் செய்யும் பிழையை உலகம் எளிதிற் பொறுத்துக்கொள்கிறது. பழகாத கை தடுமாறத்தான் செய்யும் என்று கூறி அப்பாற் சென்றுவிடுகிறோம். ஆனால், ஒரு துறையில் தனக்கு நிகரில்லை என்று உலகமே ஒப்புக்கொண்ட ஒருவன், அத்துறையிற் புதிதாய்ப் புகுந்த சிறுவனும் செய்யாத பிழையைப் பலர் காணச் செய்துவிடுவானாயின், அவனை எவ்வாறு மதிப்பது? ‘தெரிந்தவனே தவறலாமா?’ என்று கேட்பது நம் வழக்கம். தெரிந்தவன் தவறு தெரியாதவன் தவற்றினும் பெருங்குற்றம் என்னும் தீர்ப்பு அக்கேள்விக்குள்ளேயே அடங்கிக் கிடக்கிறது. அத்தீர்ப்பு நேர்மையானதுதானா என்பதைச் சதுரங்கப் பலகை ஒன்றை முன்வைத்து ஆராய்ந்து பார்க்க விரும்புகிறோம்.

சதுரங்கத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. வாழ்க்கையில் ஒரு பிழை நேர்ந்தால் அதற்குப் பத்துப் பேரைப் பொறுப்பாக்கலாம், வானத்தைக் குறை கூறலாம், விதியையும் இழுக்கலாம். பலகையிலோ மறைந்திருப்பது யாதொன்றும் இல்லை. 64 கட்டங்களும் அவற்றின்மேல் நிற்கும் காய்களும் இருவர் கண்ணுக்கும் ஒன்றுபோலவே தெரிகின்றன. அங்கே ஒருவன் ஒன்றைக் காணவில்லையென்றால், காணவில்லை என்பதைத் தவிர வேறு சாக்கு அவனுக்கில்லை.

இனி, நிகழ்ந்ததைக் கூறுவோம். 2006-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களின் இறுதியில், ஜெர்மனி நாட்டுப் பான் நகரத்தில், ரஷியரான விளாதிமிர் கிராம்னிக்கிற்கும் ‘டீப் பிரிட்ஸ்’ என்னும் கணிப்பொறி நிரலுக்கும் ஆறு ஆட்டங்கள் கொண்ட பந்தயம் தொடங்கிற்று. கிராம்னிக் அப்பொழுது உலக வாகையர். முதல் ஆட்டம் சமநிலையில் முடிந்தது. இரண்டாம் ஆட்டம் 27-ஆம் நாள் நடந்தது; அதிற் கிராம்னிக்கிற்குக் கறுப்புக் காய்கள். எதிரே ஒரு மனிதர் அமர்ந்திருந்தார். அவர் ஆட்டக்காரர் அல்லர். பொறி திரையிற் காட்டும் நகர்வைப் பலகையில் எடுத்து வைப்பதும், கிராம்னிக்கின் நகர்வைப் பொறிக்குத் தெரிவிப்பதுமே அவர் வேலை.

ஆட்டம் நன்றாகவே சென்றது. கறுப்பின் கை சற்று ஓங்கியிருந்தது என்றுகூடச் சொல்லலாம். 34-ஆம் நகர்வில் வெள்ளைக் குதிரை கறுப்பு யானையை வெட்டி, கறுப்பு அரசன் நின்ற கடைசி வரிசையிலேயே, அவனுக்கு ஒரு கட்டம் இடைவிட்டு நின்றது. வெள்ளை அரசி பலகையின் நடுவே நின்றாள். அவள் நின்ற இடத்திலிருந்து கறுப்பு அரசனுக்கு நேர் முன்கட்டம் வரையிற் சாய்வழி திறந்து கிடந்தது. அந்த முன்கட்டத்தைக் குதிரை காவல் செய்தது. அரசி அங்கே வந்து அமர்ந்தால் அரசனுக்கு ஓட இடமில்லை, அவளை வெட்டவும் இயலாது, ஆட்டம் முடிந்தது. அரசனை ஒரு கட்டம் பக்கத்தில் நகர்த்தியிருந்தால் சமநிலை கிட்டியிருக்கும். கிராம்னிக்கோ தம் அரசியை முன்னே கொண்டுசென்று, வெள்ளை அரசியோடு மாற்றிக்கொள்ள அழைத்தார். அரசிகள் இருவரும் பலகையை விட்டு நீங்கினால் தம் இரு சிப்பாய்களும் பக்கம் பக்கமாக நடந்து எல்லையை அடைந்துவிடும் என்பது அவர் கணக்கு.

நகர்வைச் செய்துவிட்டு அவர் அமைதியாக எழுந்தார். தேநீர்க் கோப்பையைக் கையில் எடுத்துக்கொண்டு ஓய்வறைக்குச் செல்ல அடி எடுத்து வைத்தார். எதிரே இருந்தவர் திரையைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார், மீண்டும் திரையைப் பார்த்தார். நகர்வைத் தாம் பிழையாகப் பொறிக்குத் தெரிவித்துவிட்டோமோ என்னும் ஐயம் அவருக்கு. அவையோர்க்கு ஆட்டத்தை விளக்கிக்கொண்டிருந்தவர்களுள்ளும் ஒருவர் எதையும் கவனித்திலர். பின்னர் வெள்ளை அரசி அந்தக் கட்டத்தில் வைக்கப்பட்டாள். கிராம்னிக் ஒருகணம் தம் நெற்றியைக் கையாற் பற்றிக்கொண்டார்.

ஒரே நகர்வில் வரும் இறுதி முற்றுகையைக் கண்டுகொள்வது, ஆட்டம் பழகும் பிள்ளைக்கு முதல் வாரத்திற் சொல்லிக்கொடுக்கும் பாடம். அதனை உலக வாகையர் தவறவிட்டார் என்ற செய்தி அன்றே எங்கும் பரவிற்று. களைப்பு என்றனர் சிலர். அச்சம் என்றனர் சிலர். செருக்கு என்று சொல்லி மகிழ்ந்தவரும் உண்டு. பிறர் கண்டுபிடிக்கும் காரணங்களைக் காட்டிலும், பிழை செய்தவரே சொன்னது கேட்கத்தக்கது. களைப்பு ஏதும் தமக்கு இருந்ததில்லை என்றார் கிராம்னிக். அந்த அரசி நகர்வு திடீரென்று தோன்றியதன்று; ஐந்து நகர்வுகளுக்கு முன்னரே அதனை எதிர்நோக்கித்தான் தாம் ஆடினதாகவும், ஒவ்வொரு நகர்வுக்குப் பின்னும் அந்த வழியைத் திரும்பத் திரும்பக் கணக்கிட்டுச் சரிபார்த்ததாகவும் கூறினார். இத்தகையது தமக்கு நேர்ந்ததில்லை என்றும், இதற்கு விளக்கம் தம்மிடம் இல்லை என்றும் சொன்னார்.

இந்த வாக்குமூலத்தை நாம் பன்முறை நினைத்துப் பார்த்ததுண்டு. கவனக்குறைவாற் பிழை வரும் என்று நமக்குக் கற்பித்திருக்கிறார்கள். இங்கே கவனம் குறைந்ததாகத் தெரியவில்லை. சரிபாராமல் விட்ட பிழையும் அன்று. பலமுறை சரிபார்க்கப்பட்ட பிழை இது. அப்படியானால் குறை எங்கே புகுந்தது?

அதை அறிய, வல்லமை என்பது யாது என்று முதலிற் கேட்கவேண்டும். வல்லவன் மற்றவரினும் அதிகமாகப் பார்க்கிறவன் என்று நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம். டச்சு நாட்டு உளநூல் அறிஞர் ஆட்ரியான் டி குரூட் என்பார், தலைசிறந்த ஆட்டக்காரர் எவ்வாறு சிந்திக்கின்றனர் என்று ஆராய்ந்து, 1946-இல் அவ்வாராய்ச்சியை வெளியிட்டார். பெரியவர்கள் மற்ற நல்ல ஆட்டக்காரரைவிட மிகுதியான நகர்வுகளையோ மிகத் தொலைவான நகர்வுகளையோ கணக்கிடுவதாக அவருக்குத் தென்படவில்லை. நல்ல நகர்வு அவர்கள் கண்ணில் முதலிலேயே படுகிறது, அவ்வளவே. 1973-இல் அமெரிக்காவில் சேஸ், சைமன் என்னும் இருவர் இதனை வேறொரு வகையிற் சோதித்தனர். உண்மை ஆட்டத்தில் வந்த நிலை ஒன்றை ஐந்து நொடி காட்டி மறைத்தால், வல்லவர் பெரும்பாலான காய்களைத் திரும்ப வைத்துவிடுகிறார். புதியவர் நாலைந்துக்குமேல் வைப்பதில்லை. அதே காய்களை ஒழுங்கின்றி இறைத்துக் காட்டினாலோ, வல்லவரும் புதியவரும் ஏறக்குறைய ஒரே அளவுதான். ஆகவே, வல்லவர் தனித்தனிக் காயைப் பார்க்கிறாரல்லர். பழகிய உருக்களைப் பார்க்கிறார். நாம் எழுத்துக்கூட்டாமற் சொல்லைப் படிக்கிறோமே, அதுபோல.

இதிலிருந்து விளங்குவது ஒன்று. பாராமல் விடுவதே வல்லமையிற் பாதி. ஒரு நிலையில் முப்பது நாற்பது நகர்வுகள் இயலுமாயின், அவற்றுள் இரண்டு மூன்றை மட்டும் எடுத்துக்கொண்டு ஏனையவற்றை ஏறெடுத்தும் பாராதிருக்கக் கற்றவரே பெரிய ஆட்டக்காரர். எல்லாவற்றையும் பார்ப்பேன் என்பவன் முதல் நகர்வையே முடிக்கமாட்டான். அரசனுக்கு முன்கட்டத்தில் அரசி வந்து அமரும் இறுதி முற்றுகை மிகப் பழையது. ஆயிரம் ஆட்டங்களில் வந்தது. ஆனால் அவளுக்குத் துணைநிற்கும் குதிரை வழக்கமாக முன்பக்கத்திலிருந்து நெருங்கும். கடைசி வரிசையிலேயே ஏறி, அரசனுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, பின்னாலிருந்து காவல் செய்யும் குதிரை மிக அரிது. பழகிய இடத்தில் அந்தக் குதிரை நின்றிருந்தால் கிராம்னிக் அதனைக் காணாதிருந்திருக்கமாட்டார் என்று ஆட்டமறிந்தோர் அப்போதே எழுதினர். அதை நாமும் நம்புகிறோம். எந்தக் கண் அவரை வாகையர் ஆக்கிற்றோ, அந்தக் கண்ணே அன்று அவரைக் கைவிட்டது.

திரும்பத் திரும்பச் சரிபார்த்தும் பயனில்லாமற் போனதற்கும் இதுவே காரணம். தோட்டத்து ஆபீசிற் செக்ரோல் எழுதிய பழைய கிராணிமாரைக் கேட்டால் இதனைச் சொல்வார்கள். நீண்ட பத்தியைக் கூட்டும்போது ஏழும் எட்டும் பதினான்கு என்று ஒருமுறை நாவில் வந்துவிட்டால், மறுமுறை கூட்டும்போதும் அதே இடத்தில் அதே பதினான்குதான் வரும். மூன்றுமுறை கூட்டி மூன்றுமுறையும் ஒரே தொகை வந்துவிட்டது என்ற துணிவு வேறு சேர்ந்துகொள்ளும். அதனாலேயே அவர்கள் மேலிருந்து கூட்டியதைக் கீழிருந்து கூட்டிப் பார்ப்பார்கள்; அல்லது பக்கத்து மேசைக்காரரை அழைத்து, தங்கள் தொகையைச் சொல்லாமல் அவரைக் கூட்டச் சொல்வார்கள். சதுரங்கத்தில் பக்கத்து மேசைக்காரரை அழைக்க இடமில்லை. ஐந்து நகர்வுகளுக்கு முன் விழுந்த அந்தப் பதினான்கை ஒவ்வொரு முறையும் தாமே மீண்டும் சொல்லிக்கொண்டார் கிராம்னிக்.

நிற்க. எதிரே இருந்த பொறியைப் பற்றியும் ஒரு சொல். கணிப்பொறி இத்தகைய முற்றுகையை ஒருபோதும் தவறவிடாது. விதிக்கு உட்பட்ட நகர்வு ஒவ்வொன்றையும் அது எடுத்துப் பார்க்கிறது. பைத்தியக்காரத்தனமான நகர்வையும் விடுவதில்லை. பானில் ஆடிய பொறி நொடிக்கு ஏறக்குறைய 80 இலட்சம் நிலைகளைப் பார்க்கவல்லது. சலிப்பு என்பதை அறியாத ஒன்று சலியாதிருப்பதை விழிப்பு என்று புகழ்வதா? பசியே இல்லாதவன் நோன்பிருந்தால் அதற்கு யார் பாராட்டுக் கூறுவார்? அதற்கும் அந்நாளில் தனியொரு குருட்டுத்தன்மை இருந்தது. 2003-ஆம் ஆண்டு நவம்பரில் நியூயார்க்கில், காஸ்பரோவ் ‘எக்ஸ் த்ரீ டி பிரிட்ஸ்’ என்னும் பொறியோடு ஆடிய மூன்றாம் ஆட்டத்தில், சிப்பாய்கள் பின்னிக்கொண்டு பலகை அடைபட்டுப்போயிற்று. பொறி செய்வதறியாது தன் காய்களை முன்னும் பின்னும் நகர்த்திக்கொண்டேயிருந்து தோற்றது. அதே பந்தயத்தின் இரண்டாம் ஆட்டத்திற் கண்ணெதிரே இருந்த சிப்பாய் இழப்பைக் காணாது தோற்றவர் காஸ்பரோவ். இருவர்க்கும் குருடு உண்டு, இடம்தான் வேறு. இன்று அந்நிலையும் மாறிவிட்டது. இக்காலப் பொறிகளை நேர்நின்று வெல்லவல்ல மனிதர் எவரும் இலர்.

இதுவரை கூறியது கண்ணின் பிழை. வேறொரு வகைப் பிழையும் உண்டு. அதனைக் கருத்தின் பிழை என்போம். நம் வினாவின் கடினமான பகுதி இங்கேதான் தொடங்குகிறது.

1997-ஆம் ஆண்டு மே மாதம், நியூயார்க் நகரில், கேரி காஸ்பரோவும் ஐ.பி.எம். நிறுவனத்தாரின் ‘டீப் புளூ’ என்னும் பொறியும் ஆடிய பந்தயம் உலகறிந்தது. நொடிக்கு 20 கோடி நிலைகளைப் பார்க்கும் பொறி அது. முதல் ஆட்டத்திற் காஸ்பரோவ் வென்றார். மே 4-ஆம் நாள் நடந்த இரண்டாம் ஆட்டத்திற் பொறி அவரைத் திகைக்க வைத்தது. சிப்பாய்களைக் கவர்ந்துகொள்ளும் வாய்ப்பு முன்னே இருக்க, அதை விடுத்து, அவருடைய காய்களின் வழியை அடைக்கும் அமைதியான நகர்வு ஒன்றை அது செய்தது. பொறி என்றால் கிடைத்ததைக் கவ்வும் என்று எண்ணியிருந்தவர்க்கு இது பேரதிர்ச்சி. உள்ளே மனிதர் கை புகுந்திருக்குமோ என்று ஐயுற்றார், நிறுவனத்தார் மறுத்தனர். அந்த மனநிலையிலேயே ஆட்டம் தொடர்ந்தது. 45-ஆம் நகர்வில், இனிப் பயனில்லை என்று தோல்வியை ஒப்புக்கொண்டு எழுந்தார்.

மறுநாள் அவருக்கு நண்பர்கள் ஒரு செய்தி கொண்டுவந்தனர். அந்நிலை தோல்வி நிலை அன்று. அரசியைக் கொண்டு இடைவிடாமல் முற்றுகை கூறிக்கொண்டே சமநிலை செய்திருக்கலாம் என்பதே அச்செய்தி. பொறி தன் அரசனைத் தவறான கட்டத்தில் ஒதுக்கியதனாலேயே அவ்வழி பிறந்தது. அதாவது, பொறி பிழை செய்திருந்தது. எதிரே இருந்த மனிதர் அதனை நம்ப மறுத்தார். அவ்வளவு தொலைவு பார்க்கும் பொறி இப்படியொரு வழியைத் திறந்து வைத்திருக்குமா என்ற எண்ணமே, அவ்வழியைத் தேடாமல் அவரைத் தடுத்தது.

மே 11-ஆம் நாள் ஆறாம் ஆட்டம். அன்று நேர்மாறு. தம் ஏழாம் நகர்விற் காஸ்பரோவ் ஒரு சிப்பாயை நகர்த்தினார். அதற்கு விடையாகக் குதிரையைப் பலியிட்டு அரசனைத் திணறவைக்கலாம் என்பது ஏட்டில் உள்ள செய்தி, அவரும் அறிந்ததே. ஆனால் உடனடியான ஊதியம் இல்லாமற் பொறி குதிரையைக் கொடுக்காது என்று நம்பினார். பொறி கொடுத்தது. அது பொறியின் துணிவன்று. தொடக்க நகர்வுகளுக்கென்று மனிதர் தொகுத்துக் கொடுத்த ஏட்டில் அந்நகர்வு இருந்தது. 19 நகர்வுகளில் ஆட்டமும் பந்தயமும் முடிந்தன.

ஒருநாள் பொறியை அளவுக்கு மிஞ்சி மதித்தார். மற்றொருநாள் அளவுக்குக் குறைத்து மதித்தார். இரண்டு நாளும் அவர் பார்த்தது பலகையை அன்று. தம் மனத்தில் வரைந்து வைத்திருந்த பொறியின் உருவத்தை.

‘எதிராளியின் ஆற்றலை மதிப்பது அறிவுடைமை அல்லவா? நொடிக்கு 20 கோடி பார்ப்பது தவறியிராது என்று கொள்வதிற் பிழை என்ன? மருத்துவர் சொல்லை நாம் நம்பவில்லையா?’ என்று ஒருவர் கேட்கலாம். தள்ளிவிடக்கூடிய கேள்வி அன்று இது. எல்லாவற்றையும் தானே சோதித்துத்தான் ஏற்பேன் என்பவன் ஒருநாளும் வாழ்ந்து முடிக்கமாட்டான். நூற்றுக்குத் தொண்ணூறு முறை அந்த நம்பிக்கை பலித்தும் இருக்கும். எனினும், மருத்துவரை நம்புகிறவன் தன்னால் அறிய இயலாத ஒன்றிற்காக நம்புகிறான். காஸ்பரோவின் முன்னே கிடந்த பலகையோ, உலகில் வேறெவரினும் நன்றாகப் படிக்க அவருக்கே தெரிந்த ஏடு. அவரைத் தோல்வி ஒப்புக்கொள்ளும்படி எவரும் கேட்கவில்லை, விதியும் கேட்கவில்லை. இன்னும் ஒரு நகர்வு செய்து பார்ப்பதற்கு எந்தச் செலவும் இல்லை. அஞ்சியதிற் குற்றமில்லை. தம் கையில் இருந்ததை, எதிரியின் புகழை முன்னிட்டுத் தாமே எடுத்துக் கொடுத்துவிட்டதே குற்றம். 2017-இல் தாம் வெளியிட்ட நூலில் அப்பந்தயத்தில் தம் ஆட்டத்துக் குறைகளை அவரே மறையாமல் எழுதினார் என்பதையும் இங்கே சொல்லிவிடவேண்டும்.

மனிதன் எதிரே இருந்தால் இந்நிலை சற்று வேறு. நமக்கு அண்மையில், சிங்கப்பூரின் செந்தோசாத் தீவில், 2024 டிசம்பர் 12-ஆம் நாள் உலக வாகைப் போட்டியின் பதினான்காம் ஆட்டம் நடந்ததை அன்பர்கள் மறந்திருக்கமாட்டார்கள். சீனரான டிங் லிரன் 55-ஆம் நகர்வில் யானையைத் தவறான கட்டத்தில் வைத்தார். சென்னையைச் சேர்ந்த பதினெட்டு வயதுக் குகேஷ் முதலில் அதனை உணரவில்லை. உணர்ந்ததும் அவர் முகம் மாறிற்று. அந்த முகத்தைப் பார்த்த பின்னரே தாம் செய்தது பிழையென்று அறிந்ததாக டிங் கூறினார். எதிரியின் முகமும் ஒரு கண்ணாடிதான்; நம் பிழை அதில் நமக்குத் தெரிகிறது. பொறிக்கு முகமில்லை. பானில் முகம் என்று இருந்தது காய் நகர்த்த வந்தவர் ஒருவருடையதே. கிராம்னிக் அதற்குள் கோப்பையோடு திரும்பிவிட்டார்.

எனவே, முதலிற் கேட்ட கேள்விக்கு நம் விடை இரண்டு வகைப்படுகிறது. கிராம்னிக்கின் பிழையைக் குற்றம் என்று கூற நமக்கு மனம் இல்லை. அது அவர் கண்ணின் எல்லை. அந்த எல்லையில்லாத கண் மனிதர்க்கு இல்லை. காஸ்பரோவ் இரண்டாம் ஆட்டத்தில் எழுந்து சென்றதைக் குற்றம் என்றே கொள்கிறோம். இத்தனைக்கும் உலகம் நகைத்தது முன்னவரைப் பார்த்துத்தான். பின்னவர்க்கு இரங்கிற்று. கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும் பிழையே பெரும்பிழை என்று மக்கள் கொள்வதால் இவ்வாறு நேர்கிறது. நகைத்தோருட் பலர், விடையைப் பொறி சொல்லக் கேட்ட பின்னரே நகைத்தவர்கள் என்பதும் நினைவிருக்கட்டும். அவர்களை அதே இருக்கையில் அமர்த்தி, திரையை மறைத்துவிட்டு, ‘சொல்லுங்கள்’ என்று கேட்டிருந்தால் எத்தனை பேர் நகைத்திருப்பார்களோ!

நெற்றியிலிருந்து கையை எடுத்தபின் கிராம்னிக் மீண்டும் இருக்கையில் அமர்ந்து ஆட்டத்தாளிற் கையொப்பமிட்டார். அங்கிருந்து நேரே செய்தியாளர் கூட்டத்திற்குச் சென்றார். கேட்டவர்களுக்கெல்லாம் விடை சொன்னார். தமக்கு விளங்காததை விளங்கவில்லை என்றே சொன்னார். மூன்றாம் ஆட்டம் நவம்பர் 29-ஆம் நாள். வெள்ளைக் காய்களோடு வந்து அமர்ந்தார். அவ்வாட்டம் சமநிலையில் முடிந்தது. நான்காவதும் ஐந்தாவதும் அவ்வாறே முடிந்தன.